கப்பல் கடையில் பொருத்தம்

வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் இழுத்தது. காலையில் தோட்டத்து ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது குடித்த வெறும் தேத்தண்ணியும் மத்தியானம் தின்ற மரவள்ளிக்கிழங்குத் துண்டும் மிளகுக் கொடிக்கு ஏணி வைத்து ஏறி இறங்கியதிலேயே கரைந்துபோயிருந்தன. பாப்பம்மா முந்தானையை இடுப்பில் இறுக்கிச் சொருகிக்கொண்டு குறுக்குப்பாதையில் இறங்கினாள். கையில் பித்தளைத் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சின்னச் சீப்பு வாழைப்பழம், மேலே துவைத்த துண்டு. பழத்தில் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டால் கேட்பாரில்லை. ஆனால் நல்ல காரியத்துக்கு எடுத்துப்போகிற தட்டில் யாரும் கைவைக்க மாட்டார்கள். அவளும் வைக்கவில்லை.

"மெதுவா போங்க அண்ணி" என்றாள் பின்னால் வந்த வேலம்மா. செத்துப்போன புருசன் லெட்சுமணனின் தங்கை அவள். அத்தைக்காரி இல்லாமல் பெண்ணுக்குப் பேச்சுவார்த்தை நடக்கக்கூடாது என்று காலையிலேயே வேலை பார்த்துவாங்கும் மட்டக்கார ஐயாவிடம் அரை நாள் கேட்டு வாங்கியிருந்தாள். "பொண்ணக் குடுக்கப் போறவங்க இப்படித் தலைதெறிக்க ஓடினா, சோத்துக்கு ஓடியாறாங்கன்னு சிரிப்பானுங்க."

"சோத்துக்குந்தான் ஓடுறேன். போ."

"சோறு எங்க இருக்கு? இன்னிக்கு வெள்ளிக்கிழம. கடையில சோறு விக்கக்கூடாதுன்னு கவர்மெண்டு சொல்லியிருக்கில்ல. வெள்ளக்காரன் திங்கிறத வச்சுக் குடுப்பானுங்க. முள்ளால குத்தித் திங்கணும். வாயக் குத்திக்கிட்டு வந்துராதீங்க."

அந்த வருசம் நாடு முழுக்கப் பஞ்சம். கூப்பன் அரிசி ஒரு கைப்பிடி, மாவுக்கு விடிகாலையிலிருந்து வரிசை. தோட்டத்து லய வீடுகளில் வயசானவர்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள், எழுந்திருக்கவில்லை. பாப்பம்மா வீட்டில் யாரும் படுக்காமலிருந்ததற்குக் காரணம் மாடு. மாத்தளை டவுனில் பலசரக்குக் கடையும் லொறியும் வைத்திருந்த பதுர்தீன் முதலாளியின் பசுவை அவள் வாரத்துக்கு வளர்த்தாள். வாரம் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. மாடு முதலாளியுடையது, புல்லும் பாடும் வளர்க்கிறவளுடையது. தலையீத்துக் கன்று முதலாளிக்கு, அடுத்த ஈத்து வளர்த்தவளுக்கு. தலையீத்து செத்தே பிறந்தது. அன்றைக்கு அவள் அழுதுகொண்டு டவுனுக்குப் போய்ச் சொன்னபோது பதுர்தீன் முதலாளியே கடை வாசலில் பலபேர் கேட்கச் சொன்னார்: "செத்தாலும் அது என்ட பங்குதான். அடுத்தது உனக்கு." அடுத்தது கிடேரி. செவலை நிறம், நெற்றியில் சின்ன வெள்ளை. ரெண்டு வருசமாகப் பழைய சேலையைக் கிழித்துத் திரித்த சிவப்புக் கயிற்றில் அதைக் கட்டி, தன் கஞ்சித்தண்ணியில் பாதியை அதற்கு ஊற்றி வளர்த்தாள். மகள் சந்திரகாந்தாவுக்குப் பொன் போட வழியில்லை. அந்தக் கிடேரிதான் சீர். சினை பிடித்த கிடேரியோடு வருகிற பெண்ணை எந்த மாமியார்க்காரியும் வாசலில் நிறுத்திவைக்க மாட்டாள்.

திங்கட்கிழமை முதலாளியின் மருமகன் நுஹ்மான் லொறியோடு வந்தான். கலேவெலப் பக்கம் நல்ல சாதிக் காளை ஒன்று இருக்கிறது, கிடேரியைக் காளைக்கு விட்டுக் கொண்டுவருகிறேன் என்றான். லொறியை ஓட்டிவந்தவன் முத்துவீரன். கிடேரி பலகையில் ஏற மறுத்து முன்காலை ஊன்றிக்கொண்டது. பாப்பம்மாதான் அதன் கழுத்தைத் தடவி ஏற்றிவிட்டாள். புதன்கிழமை வரும் என்றார்கள். வரவில்லை. நேற்று வியாழக்கிழமை நுஹ்மான் மட்டும் சைக்கிளில் வந்து, வாசற்படியில் ஏறாமல் நின்று சொன்னான்:

"மாமா உங்ககிட்ட பொருத்தம் கேக்கணுமாம். நாளைக்கு மஃரிபு தொழுகைக்குப் பொறகு அலுவிகாரைக்கு, யாகூப் நானாட கடைக்கு வரட்டாம். சாப்பாடும் அங்கதான்."

"கண்ணுக்குட்டி?"

"அதையும் அங்க பேசலாம்."

அவன் போனதும் சந்திரகாந்தா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது சிவந்திருந்தது. முத்துவீரன் ஒவ்வொரு தடவை மலையேறும்போதும் எஞ்சினுக்குத் தண்ணி வேண்டுமென்று இந்த லயத்து வாசலில்தான் நிறுத்துவான் என்பது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. பதுர்தீன் முதலாளியின் கடைச் சாக்குகளுக்கு நடுவில் வளர்ந்தவன். அவனுக்காகப் பொருத்தம் கேட்க முதலாளியைத் தவிர வேறு யார் வருவார்கள்? பாப்பம்மா பரணிலிருந்து தட்டை இறக்கிப் புளி போட்டுத் துலக்கினாள்.

யாகூப்பின் கடையைக் கப்பல் கடை என்றுதான் ஊரில் சொல்வார்கள். பலகையில் இங்கிலீசில் மார்ஸேய் ஸ்டேக் ஹவுஸ் என்று எழுதியிருந்தது. யாகூப் இளவயதில் பிரெஞ்சுக் கப்பலொன்றில் பாத்திரம் கழுவப் போய், பத்துப் பதினைந்து வருசத்தில் குசினிக்காரனாகித் திரும்பிவந்தவர். தோட்டத் துரைமாரும் சீகிரியா பார்க்கப் போகிற வெள்ளைக்காரரும் பெரிய ரோட்டில் கார்களை நிறுத்தி அவரிடம் சாப்பிட்டார்கள். தடித்த இறைச்சித் துண்டை மாத்தளை மிளகில் புரட்டி, இரும்புச் சட்டியில் பட்டரோடு போட்டு, வெளியே கருகி உள்ளே சிவப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுவார். பதுர்தீன் முதலாளிதான் மாடு கொடுப்பது. சாராயம் உள்ளே கிடையாது, போத்தலைக் காரில் வைத்துவிட்டுத்தான் வரவேண்டும்.

முற்றத்தில் பெரிய வான் வண்டி ஒன்று நின்றது. அதற்கு அப்பால் முதலாளியின் லொறி. முத்துவீரன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். இவர்களைக் கண்டதும் எழுந்தான், வாயைத் திறந்தான், பிறகு குனிந்து டயரைப் பார்த்தான்.

"பாருங்க, மாப்பிள்ளைக்கு வெக்கம்" என்று வேலம்மா பாப்பம்மாவின் விலாவில் இடித்தாள்.

பாப்பம்மாவும் சிரித்தாள். ஆனால் அவன் முகம் வெட்கப்படுகிறவனின் முகம் மாதிரி இல்லை. காய்ச்சல்காரன் மாதிரி இருந்தது.

பதுர்தீன் முதலாளி கதவுவரை வந்தார். "வாங்க பாப்பம்மா. வாங்க, உள்ளுக்கு வாங்க."

பதினெட்டு வருசத்தில் அவர் அவளை நீ, வா, போ என்றுதான் சொல்லியிருக்கிறார். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. இந்த 'வாங்க' என்னவோ செய்தது. காலில் ஈரமான எதையோ மிதித்ததுபோல் இருந்தது. வேலம்மா காதுக்குள் சொன்னாள், "நம்மள வாங்கங்குறாரு அண்ணி. சம்பந்தி முறையாகிருச்சில்ல."

"கண்ணுக்குட்டி எங்க மொதலாளி?" என்று கேட்டாள் பாப்பம்மா.

முதலாளி திரும்பி நுஹ்மானைப் பார்த்தார். நுஹ்மான், "இங்கதான் ஈக்குது. மொதல்ல இருங்க" என்றான்.

வெள்ளைக்காரர் சாப்பிடுகிற பெரிய அறையைத் தாண்டி, குசினிக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். வெள்ளைத் துணி விரித்த மேசை, கதிரைகள். வேலம்மா கதிரையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக உட்கார்ந்தாள். பாப்பம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பெரிய அறையில் ஏழெட்டு வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் பேசியது இங்கிலீசு இல்லை. தொண்டைக்குள்ளேயே உருண்டது.

கதவு சாத்திய குசினிக்குள் யாகூப் அடுப்பின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விறகு நன்றாக எரிந்தது. இரும்புச் சட்டி காய்ந்து மெல்லிய புகை விட்டது. சட்டியில் ஒன்றுமில்லை. பலகையில் துண்டு போட்ட இறைச்சி மிளகு பூசி வரிசையாகக் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம், நானா?" என்றான் நுஹ்மான் தணிந்த குரலில். "அங்க மேசையில ரெண்டாந்தரம் பாண் வச்சாச்சு."

"நான் சொன்னது சொன்னதுதான்" என்றார் யாகூப். "கப்பல்ல ஹராமான எல்லாத்தையும் இந்தக் கையால சமைச்சேன். வயித்துப்பாடு. கரைக்கு வந்து பாவத்துக்குத் தவ்பாச் செஞ்சு, என்ட அடுப்புல அப்பிடி ஒண்டு ஏறாதுன்னு வச்சீக்கேன். எருதுன்னு சொல்லி நீ கொண்டுவந்தது அந்தப் பொம்பளைட கிடேரி. அது அவட ஹக்கு, அவட உரிம. அவ மனசாரப் பொருந்தித் தரணும். என்ட காதுல கேக்கணும். அதுக்குப் பொறகுதான் சட்டி."

"மொதக் கண்டு செத்ததால இதுதான் எங்கட பங்குன்னு..."

"உன்ட மாமா அப்பிடிச் சொல்லயில்லையே."

பதுர்தீன் முதலாளி சொல்லவில்லைதான். அவர் சுவரில் சாய்ந்து தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். விசயம் அவருக்கு நேற்றுத்தான் தெரியும். நல்ல எருது கிடைக்காத காலம், பிரெஞ்சுக்காரர் கூட்டத்துக்கு இளசான இறைச்சி தருவதாக நுஹ்மான் வாக்குக் கொடுத்துவிட்டான், அறுத்தும் விட்டான். கிடேரி அறுப்பது சட்டத்தில் தடை, பொலிஸ் கேஸ். அதைவிட முதலாளியை அரித்தது மற்றது. அடுத்தவர் உரிமை கழுத்தில் கிடக்க மவுத்தாகிப்போனால் மறுமையில் அதற்குத் தொழுகை ஈடு கிடையாது. உரியவர் வாயால் பொருந்திக்கொண்டேன் என்று சொல்லவேண்டும். அவர்கள் பேச்சில் அதற்குப் பேர் பொருத்தம். லயத்தில் அதே சொல்லுக்குச் சாதகம் பார்க்கிறது, மாப்பிள்ளை, பொண்ணு, தாலி. ரெண்டு கூட்டமும் ஒரே ரோட்டில் ஒரே பாசையில் பேசிக்கொண்டு எத்தனையோ வருசமாக இருந்தும், இந்த ஒரு சொல் எந்த இடத்திலும் இடித்துக்கொண்டதில்லை. இடிக்க வேண்டிய தேவை வந்ததில்லை.

யாகூப் சாப்பாட்டைத் தானே கொண்டுவந்து வைத்தார். வெங்காயத்தைப் பட்டரில் பழுப்பாக வதக்கிச் செய்த சூப், மேலே வாட்டிய பாண் ரொட்டி. பொரித்த உருளைக்கிழங்கு. வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "தாராளமாத் தின்னலாம். எலும்புத் தண்ணி ஒரு சொட்டு இல்ல" என்றார். போகும்போது பாப்பம்மாவை ஒருதரம் நன்றாகப் பார்த்தார். வீட்டுக்குள் செத்தவர் இருக்கும்போது வாசலில் நிற்கிறவர்கள் அப்படிப் பார்ப்பார்கள்.

வேலம்மா கரண்டியைத் தொடாமல் கோப்பையைத் தூக்கிக் குடித்தாள். "வெங்காயத்துல இப்படி ஒரு ருசியா! எங்க அண்ணன் இருந்திருந்தா இந்தக் கோப்பையையும் தின்னிருக்கும்."

பாப்பம்மா பாணைப் பிய்த்து நனைத்து வாயில் வைத்தாள். பட்டர் நாக்கில் கரைந்தபோது கண்ணில் தண்ணீர் முட்டியது. பசி அப்படி. மூன்று வாய் தின்ற பிறகுதான் உடம்புக்குள் சூடு திரும்பியது. ரெண்டு பாண் துண்டை முந்தானையில் முடிந்தாள். ஒன்று மகளுக்கு. இன்னொன்று பின்னால் கட்டியிருக்கிற கிடேரிக்கு. அதற்குப் பாண் என்றால் உயிர். ஆனால் இத்தனை நேரத்தில் அது ஒரு தடவை கூடக் கத்தவில்லை. அவள் குரல் கேட்டால் கத்தாமல் இருக்காதே.

பதுர்தீன் முதலாளி எதிரே வந்து உட்கார்ந்தார். நுஹ்மான் அவர் பின்னால் நின்றான். குசினிக் கதவில் யாகூப்.

"பாப்பம்மா" என்றார் முதலாளி. குரல் உடைந்திருந்தது. "நடந்தது நடந்துபோச்சு. நீங்க நல்ல மனுசி. அந்தக் கண்டு விசயம்... அதை நீங்க மனசார விட்டுத்தரணும். உங்கட பொருத்தம் வேணும்."

அவர் கண்ணைப் பார்க்கவில்லை. சீர் கேட்கிற கூச்சம் என்று பாப்பம்மா நினைத்தாள். பெரிய மனுசர், வேலைக்காரப் பையனுக்காகத் தோட்டத்துப் பொம்பளையிடம் கிடேரியைக் கேட்கிறார். கூசத்தானே செய்யும்.

"நீங்க கேக்கணுமா மொதலாளி? அது எப்பவோ மனசுல விட்டதுதான்" என்றாள். "எம்புள்ளைக்குன்னுதானே வளத்தேன்."

முதலாளி நிமிர்ந்தார். "புள்ளைக்கா?"

நுஹ்மான் குனிந்து அவசரமாகச் சொன்னான், "புள்ளைட பங்கும் சேத்துத்தான் சொல்றாங்க, மாமா. வாயால ஒருதரம் சொல்லிருங்க பாப்பம்மா. பொருத்தந்தானே?"

அவனுக்கு அந்த நொடியில் விளங்கியிருந்தது. வெற்றிலைத் தட்டு, நல்ல சேலை, கூட வந்த அத்தைக்காரி, எல்லாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சொல்லவில்லை. பெரிய அறையில் யாரோ கரண்டியால் கோப்பையைத் தட்டினார்கள்.

பாப்பம்மா எழுந்தாள். கிழக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து நின்றுகொண்டாள். தட்டை ரெண்டு கையாலும் நீட்டினாள். "எனக்குப் பொருத்தம், மொதலாளி. கண்ணுக்குட்டியோட சேத்து. முழுப் பொருத்தம்."

"சாமி சத்தியமா எங்களுக்குப் பொருத்தம்" என்று வேலம்மாவும் சொன்னாள். குலவையிட வாயெடுத்து, இடத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

பதுர்தீன் முதலாளி தட்டை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கண் கலங்கிவிட்டது. யாகூப் உள்ளே திரும்பினார். அடுத்த கணம் இறைச்சி இரும்பில் விழுந்து சீறியது. மிளகு கருகும் வாசம் அறைக்குள் வந்து எல்லோர் மூக்கையும் அரித்தது. பெரிய அறையில் கைதட்டினார்கள். பாப்பம்மா தும்மினாள், சிரித்தாள்.

"தையிலயே வச்சிருவோம்" என்றாள் வேலம்மா. "கண்ணுக்குட்டி அதுக்குள்ள சினையா நிக்கும்."

முதலாளி பாதி விளங்கி, பாதி விளங்காமல் அவளைப் பார்த்தார். நுஹ்மான் அங்கே இல்லை.

பாப்பம்மா கைகழுவ என்று எழுந்து குசினிக்குப் பின்புற வழியாக வெளியே போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பாண் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இந்தா... இந்தா தங்கம்..." என்று கூப்பிட்டாள். கிணற்றடி, விறகுக் குவியல், ஒரு பலா மரம். குசினி விளக்கு அதுவரை எட்டியது. மரத்தில் மாடு எதுவும் கட்டியிருக்கவில்லை. சுவரில் ஆணி. ஆணியில் சிவப்புச் சேலைக் கயிறு சுருட்டி மாட்டியிருந்தது. அதன் கீழே தரையில் உப்புத் தடவி மடித்த தோல். மடிப்பின் ஓரத்தில், ஒரு ரூபாய்க் காசளவுக்கு வெள்ளை.

பாண் கையிலேயே இருந்தது. கயிற்றை ஆணியிலிருந்து எடுத்து முகர்ந்து பார்த்தாள். பால்வாசமும் சாணிவாசமும் இன்னும் இருந்தன. குசினிக்குள் திரும்பிவந்தபோது யாகூப் நாலாவது துண்டைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பணியாள் அதை வாங்கிக்கொண்டு போனான்.

"இது என் கண்ணுக்குட்டியா?" என்றாள்.

யாகூப் திரும்பினார். கயிற்றைப் பார்த்தார். "நீங்கதானே இப்பப் பொருத்தம் சொன்னீங்க?"

"எம்மகளுக்கும் முத்துவீரனுக்கும் பொருத்தம் சொன்னேன்."

யாகூப்பின் கையிலிருந்த முள்ளுக்கரண்டி சட்டிக்குள் விழுந்தது. சட்டியில் இன்னும் மூன்று துண்டுகள் வெந்துகொண்டிருந்தன. அவர் சட்டியைத் தூக்கித் தரையில் வைத்தார். எங்கே என்ன நடந்தது என்று அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. "நுஹ்மான்!" என்று கத்தினார். முதலாளியும் வேலம்மாவும் ஓடிவந்தார்கள்.

அந்தச் சமயம் பெரிய அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் உள்ளே வந்தார். நரைத்த மீசை, கழுத்தில் செருகிய துணி, அதில் சிவப்புச் சொட்டு. யாகூப்பின் ரெண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். விரல் நுனிகளைச் சேர்த்து உதட்டில் வைத்து முத்தமிட்டார். தன் பாசையில் ஏதேதோ சொன்னார். வாழ்நாளெல்லாம் யாகூப் இந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் காத்திருந்தார். ஒரு அசல் பிரெஞ்சுக்காரன் தன் அடுப்படிக்கு வந்து சொல்லவேண்டும். அவர் சட்டியைப் பார்த்தபடியே தலையாட்டினார். வெள்ளைக்காரர் பாப்பம்மாவையும் பார்த்துச் சிரித்து, தலை தாழ்த்தி வணங்கிவிட்டுப் போனார்.

"என்னய்யா சொல்றான்?" என்றாள் வேலம்மா.

"நல்லா ஈக்குதாம்" என்றார் யாகூப். "இவ்வளவு இளசா எங்கயும் தின்னதில்லையாம்."

அதன் பிறகு கொஞ்ச நேரம் எல்லோரும் பேசினார்கள். வேலம்மா நுஹ்மானின் பரம்பரையை இழுத்தாள். யாகூப், மிச்ச இறைச்சியைப் புதைக்கப்போவதாகச் சத்தம் போட்டார். கதவுக்கு வெளியே நின்ற நுஹ்மான், "சாட்சியோட சொன்ன வார்த்தை, மாமா. எந்தப் பொருத்தம்னு யார் கேட்டது?" என்றான். பதுர்தீன் முதலாளி பித்தளைத் தட்டை இன்னும் கையில் வைத்திருந்தார்.

பாப்பம்மா அவரிடம் போய்த் தட்டைப் பிடித்தாள். அவர் விடவில்லை.

"பாப்பம்மா, இங்க கேளுங்க. தெரியாமச் செஞ்ச காரியம். நான் காசா தாரேன். இப்பவே தாரேன். நீங்க மறுபடி ஒருதரம், தெரிஞ்சு, பொருந்திக்கிட்டேன்னு சொல்லணும்."

"தட்ட விடுங்க மொதலாளி."

"சொல்லு பாப்பம்மா." அவர் குரல் மாறிவிட்டது. பழைய குரல். "நீ இப்படி நிண்டா நல்லதில்ல. தாய்மாடு என்ட மாடு. நாளைக்கே லொறிய அனுப்பி ஏத்திப்புடுவான் நுஹ்மான். என்னால தடுக்கேலாது. பொலிசுக்குப் போனா யார்ட பேச்சக் கேப்பான்? தோட்டத்துல உனக்கு வேல ஈக்கோணும். உன்ட மகளுக்கு வாழ்க்க ஈக்கோணும். முத்துவீரன் என்ட சோத்துல வளர்ந்தவன். நான் சொன்னாத்தான் தலையாட்டுவான். எல்லாத்தையும் யோசி."

அவர் மிரட்டவில்லை. கெஞ்சினார். ஆனால் அந்தக் கெஞ்சலுக்குள் அத்தனையும் இருந்தது. அவளுக்கும் அது தெரிந்தது. தட்டை ஒரு இழுப்பு இழுத்தாள். வெற்றிலை சிதறி அடுப்படியில் விழுந்தது. பழச்சீப்பு மேசைக்கடியில் உருண்டது. வெறும் தட்டும் கயிறுமாக அவள் வெளியே நடந்தாள். முதலாளி வாசல்வரை பின்னால் வந்தார்.

"ஒரு சொல்லுத்தானே" என்றார். "எனக்கு அறுபது தாண்டிருச்சு, பாப்பம்மா. இதோட நான் மவுத்தாகக்கூடாது."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

லொறியருகில் முத்துவீரன் நின்றான். "அத்தே" என்றான். வாய் தவறி வந்த முறைதான். "நாந்தான் யாகூப் நானாகிட்ட சொன்னேன். இல்லாட்டி உங்களக் கூப்பிட்டிருக்கவே மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாமலே தின்னு முடிச்சிருப்பாங்க."

"ஏத்தும்போது தெரியுமா ஒனக்கு?"

அவன் டயரைப் பார்த்தான்.

"தெரியுமாடா?" என்றாள் வேலம்மா.

"கலேவெலைக்கின்னுதான் சொன்னாங்க. வழியில அறுக்குற கொட்டில் பக்கம் திருப்பச் சொன்னப்பத்தான் தெரிஞ்சுது. அப்பவே எறங்கிப் போயிருக்கலாம்." கொஞ்சம் நிறுத்தி, "போகல" என்றான்.

பாப்பம்மா அவனைத் தாண்டி நடந்தாள். ரோட்டைக் கடந்து ரெண்டு பேரும் குறுக்குப்பாதையில் ஏறினார்கள். மிளகு வாசம் மலையடிவாரம்வரை கூடவே வந்தது. பாதி ஏற்றத்தில் பாப்பம்மா ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தாள். வேலம்மா முதுகைத் தடவிவிட்டாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு ஏறினார்கள். பசி மறுபடி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

லயத்துக் கொட்டிலில் தாய்ப்பசு நின்றபடியே இருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் கத்தியது. பாப்பம்மா கிட்டப் போனதும் மூக்கை நீட்டி அவள் கையிலிருந்த கயிற்றை முகர்ந்தது, நக்கியது, அவளுக்குப் பின்னால் இருட்டைப் பார்த்து மறுபடி கத்தியது. நாளைக்கு லொறி வரலாம். வராமலும் இருக்கலாம். ஓட்டிவருகிறவன் யாரென்று அவளுக்குத் தெரியும். கயிற்றைப் பசுவின் முன்னாலிருந்த முளையில் கட்டினாள். மறுமுனை தரையில் கிடந்தது.

சந்திரகாந்தா கதவைத் திறந்துகொண்டு நின்றாள். தலைவாரிப் பூ வைத்திருந்தாள். கையில் குப்பிவிளக்கு. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்தாள். வெறும் தட்டைப் பார்த்தாள். தட்டிலிருந்ததை அவர்கள் வாங்கிக்கொண்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, உதடு சிரிக்கப் பார்த்தது.

"என்னம்மா சொன்னாங்க?"

பாப்பம்மா படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதலாளி நமக்கு ஒரு கிடேரி தரணும்" என்றாள்.